கெடா குடுத்த உத்தரவு

ஒரு காலத்துல, கண்மாய்க்குக் கரை ஒசரமாவும் ராசாவுக்கு அறிவு கொஞ்சம் பள்ளமாவும் இருந்த ஒரு ஊர்ல, ஒச்சாயி ஒச்சாயின்னு ஒருத்தி இருந்தா. புருசன் இல்ல, பிள்ளைகுட்டி இல்ல, அவளுக்கு எல்லாம் ஆடுதான். விடிஞ்சா ஆட்டைப் பத்திக்கிட்டுக் காட்டுக்குப் போவா, பொழுது சாஞ்சா பத்திக்கிட்டு வீட்டுக்கு வருவா, வந்து கஞ்சியைக் குடிச்சுட்டுப் பட்டிக்குப் பக்கத்துலயே சாக்கை விரிச்சுப் படுத்துக்குவா. ஆட்டுப் புழுக்கை வாசம் இல்லாட்டி அவளுக்குத் தூக்கமே வராது. சிரிக்காத. உனக்கு அந்த அழுக்குப் போர்வை இல்லாட்டித் தூக்கம் வருதா?

அந்த ஊரு ராசாவுக்கு வடமலை ராசான்னு பேரு. கெட்ட மனுசன்னு சொல்லக்கூடாது. கை தாராளம், முகமும் லட்சணம். அவருக்கு இருந்தது ஒரே ஒரு வியாதிதான். தான் நெனைக்கிறது தப்பா இருக்குமோன்னு அவருக்கு ஒரு நாளும் தோணினதே இல்ல. நமக்கு மட்டும் தோணுதாக்கும்? எனக்கும் தோணாது, உனக்கும் தோணாது. ஆனா நமக்கு அரண்மனையும் சேனையும் இல்ல பாரு, அதனால ஊருக்குச் சேதம் கம்மி.

ஊர் எல்லையில கருப்பசாமி கோயில் ஒண்ணு. அங்க கெடா வெட்டுறதுக்கு ஒரு முறை உண்டு. சும்மா இழுத்துட்டுப் போயி வெட்டிறக் கூடாது, கெடாகிட்ட உத்தரவு கேக்கணும். கெடாவுக்கு மாலையைப் போட்டு, சாமிக்கு எதுக்க நிப்பாட்டி, தலையில மஞ்சத்தண்ணியை ஊத்துவாக. கெடா தலையைச் சிலுப்புச்சுன்னா சாமி சம்மதிச்சிருச்சுன்னு அர்த்தம். உடனே குலவையைப் போட்டு, ஒரே வீச்சுல வெட்டிப்புடுவாக. சிலுப்பலைன்னா சாமிக்குச் சம்மதம் இல்ல, கெடாவை அவுத்து விட்டுறணும். நல்ல முறைதான். ஆனா தலையில தண்ணி விழுந்தா எந்தக் கெடா சிலுப்பாம இருக்கும்? நீ குளிச்சுட்டு வந்தா சிலுப்ப மாட்டியா? இதை அந்த ஊர்ல ஒருத்தரும் கேக்கல. கேட்டா கறிச்சோறு கெடைக்காதுல்ல.

ஒரு நாள் வடமலை ராசாவுக்கு ஒரு நெனப்பு வந்துச்சு. சாமி கெடா மூலமாப் பேசுதுன்னா, ராச்சியத்து வெசயத்தையும் கெடாகிட்டயே கேட்டா என்னன்னு நெனைச்சாரு. அப்ப ஐப்பசி மாசம். "இந்த வாரம் மழை வரும்னு நான் நெனைக்கிறேன், சாமி என்ன சொல்லுது?"ன்னு கேக்கறதுக்கு ஒரு கெடா வேணும்னாரு. ஊர்ல பெரிய பட்டி ஒச்சாயி பட்டிதான். படைத் தளவாய் வந்து வெள்ளைக்காலன்னு ஒரு கெடாவைப் பிடிச்சுக்கிட்டுப் போனாரு. தண்ணியை ஊத்துனாக, அது சிலுப்புச்சு, வெட்டுனாக. மறுநாள் மழை கொட்டுச்சு. ஐப்பசியில மழை வரும்னு சொல்ல ராசா எதுக்கு, கெடா எதுக்கு, தவளையே சொல்லிப்புடும். காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனா மந்திரி ஓடி வந்து, ராசாவோட வாக்கு தப்பாத வாக்கு, இனிமே அவருக்குத் தப்பாவாக்கு ராசான்னுதான் பேருன்னு ஊரெல்லாம் தமுக்கடிக்க வச்சுட்டாரு. ராசாவுக்குப் பூரிப்புத் தாங்கல.

அப்புறம் ராசாவுக்கு இன்னொரு நெனப்பு வந்துச்சு. மலைக்கு அந்தாண்ட இருக்கற ராசா மேல படையெடுக்கலாம்னு நெனைச்சாரு. ஒச்சாயி பட்டியிலேருந்து சுழியன்னு ஒரு கெடா போச்சு. தண்ணியை ஊத்துனாக, சிலுப்புச்சு, வெட்டுனாக. படை போச்சு, அடி வாங்குச்சு, ராசா ஒத்தைச் செருப்போட வீடு வந்து சேந்தாரு. என்ன ராசா இப்படி ஆயிருச்சேன்னு ராணி கேட்டதுக்கு, "சாமி போன்னுதான் சொல்லுச்சு, செயிப்பேன்னு எப்பச் சொல்லுச்சு?"ன்னு கேட்டாரு. குப்புற விழுந்தாலும் மீசையில மண்ணு ஒட்டல.

அப்புறம் ராசாவுக்கு மூணாவதா ஒரு நெனப்பு. பாறைக்குன்று உச்சியில கெணறு வெட்டுனா ஊத்து பொங்கும்னு. ஒச்சாயி பட்டியிலேருந்து கொம்பொடிஞ்சான்னு ஒரு கெடா போச்சு. தண்ணியை ஊத்துனாக, சிலுப்புச்சு, வெட்டுனாக. வெட்டுன கெணத்துல வெட்டுனவங்க வேர்வையைத் தவிர ஒரு சொட்டு ஈரம் இல்ல. தண்ணி உள்ள இருக்கு, ஊரு பண்ணின பாவம் அதை மேல வரவிடலைன்னு சொல்லிட்டாரு ராசா. பலிச்சதைப் பாத்தவங்ககிட்டயெல்லாம் சொல்லுவாரு. பலிக்காததை, கேட்டாக்கூட, எது எதுன்னு முழிப்பாரு. நடிப்பு இல்ல, நெசமாவே மறந்துபோயிருப்பாரு.

அப்புறமென்ன, பழகிப்போச்சு. மீசையை முறுக்கலாமா எறக்கலாமான்னு கேக்க ஒரு கெடா. ராணியோட தங்கச்சி வீட்டு விசேசத்துக்குப் போகலாமா வேண்டாமான்னு கேக்க ஒரு கெடா. ராசாவுக்கு ஒரு நெனப்பு வந்தா ஒச்சாயிக்கு ஒரு கெடா போச்சு. ஒவ்வொரு தடவையும் கோயில்ல வெட்டுற சன்னாசிப் பூசாரிக்குத் தலை, மந்திரிக்குத் தொடை, தளவாய்க்கு ஈரலு. அதனால அவுக மூணு பேரும் ராசா வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடியே ஆமா ராசா, சரி ராசா, அப்படியே ராசான்னு சொல்லிப் பழகிட்டாக. பொய் சொல்லலை, தெரியுமா? கறிச்சோறு திங்கத் திங்க ராசா சொல்றது சரிதான்னு அவுகளுக்கே மனசாரத் தோணிருச்சு. அதுதான் இருக்கறதுலயே மோசம்.

ஒச்சாயி மட்டும் புத்திசாலின்னு நெனைச்சிறாதீங்க. அவளும் அந்த ஊருக்காரிதான. வெள்ளைக்காலன் போனப்ப, ராசா ஒண்ணே ஒண்ணுதான கேட்டாருன்னு மனசைத் தேத்திக்கிட்டா. சுழியன் போனப்ப, இத்தோட விட்டுருவாருன்னு நெனைச்சா. கொம்பொடிஞ்சான் போனப்ப, மூணு போயிருச்சுல்ல, இனிமே போகாதுன்னு நெனைச்சா. ஏன் போகாதுன்னு கேட்டா அவளுக்குச் சொல்லத் தெரியாது. நடக்கக் கூடாதுன்னு நாம நெனைக்கிறது நடக்காதுன்னு நம்பிக்கிறதுல ஆட்டுக்காரி என்ன, அரசன் என்ன.

இப்படியே போயி போயி, பட்டியில பொட்டை ஆடுக நாலஞ்சும் ஒரே ஒரு கெடாவும்தான் மிஞ்சுச்சு. அந்தக் கெடா பேரு செவலை. அது பொறந்த அன்னைக்கே தாயாடு செத்துப்போச்சு. ஒச்சாயி அதைத் தன் சேலைக்குள்ள பொத்தி வச்சு, கேப்பைக் கஞ்சியைத் துணியில நனைச்சு வாயில பிழிஞ்சு வளத்தா. அது வளந்து, கொம்பு முளைச்சு, தாடி வச்ச பெறகும் அவ முந்தானையை வாயில கவ்விக்கிட்டுத்தான் கூட நடக்கும். அது போயிருச்சுன்னா தான் எதுக்காக எந்திரிக்கணும்னு ஒச்சாயிக்கே தெரியாது. அவ்வளவு பிரியம்.

ம் கொட்டுங்க. தூங்கிட்டீங்கன்னா கெடாவைக் காப்பாத்த ஆளில்லாமப் போயிரும்.

அந்த வருசமும் அதுக்கு முந்தின வருசமும் மழை சரியாப் பேயல. கண்மாய் வத்திப்போயிக் கட்டாந்தரையாக் கெடந்துச்சு. ராசா ஒரு நாள் கரை மேல உலாத்திக்கிட்டு வந்தவரு கண்மாய்க்குள்ள பாத்தாரு. ஆகா, எவ்வளவு சமதளமான எடம், எவ்வளவு காத்து, இதுல ஒரு வசந்த மண்டபம் கட்டுனா எப்படி இருக்கும்னு நெனைச்சாரு. இது கண்மாயாச்சே, தண்ணி வருமேன்னு ராணி சொல்லிப் பாத்தா. ரெண்டு வருசமா வராத தண்ணி இனிமே எங்கருந்து வரும்னு ராசா கேட்டாரு. மந்திரி ஆமா ராசான்னாரு, தளவாய் சரி ராசான்னாரு, சன்னாசிப் பூசாரி அப்படியே ராசான்னாரு. வானத்தைப் பாத்துதான் பேசணும், ராசா முகத்தைப் பாத்துப் பேசுனா வர்ற மழை நின்னுருமா?

இந்தக் கேள்வி பெரிய கேள்வி, வர்ற வெள்ளிக்கிழமை கெடா உத்தரவுன்னு சொல்லிட்டாக. தளவாய் பட்டிக்கு வந்து செவலை முதுகைத் தடவிப் பாத்தாரு. தடவுறப்பவே அவரு கண்ணுல ஈரலு தெரிஞ்சுச்சு.

ஒச்சாயி முதல்ல அழுதா. அப்புறம் மூக்கைச் சிந்திப் போட்டுட்டு யோசிச்சா. கெடா சிலுப்பலைன்னா அவுத்து விட்டுறணும், அதான முறை? அப்ப செவலையைச் சிலுப்பாம இருக்கப் பழக்கிட்டா? அன்னைலேருந்து காலையில ஒரு செம்புத் தண்ணியை அது தலையில ஊத்துனா. சிலுப்புச்சு. மத்தியானம் ஊத்துனா. சிலுப்புச்சு. சாயந்தரம் ஊத்துனா, ஊத்தறப்பவே வாயில ஒரு வேலங்காயை வச்சா. மெல்லுற சொகத்துல அது சிலுப்ப மறந்துருச்சு. அப்படியே தெனமும் ஊத்தி ஊத்தி, வெள்ளிக்கிழமை வர்றதுக்குள்ள, மழை அடிச்சாலும் கல்லு மாதிரி நின்னு அசை போடுற அளவுக்குச் செவலையைப் பழக்கிப்புட்டா. இனிமே என் பிள்ளையை எவனும் தொட முடியாதுன்னு அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோசம்.

வெள்ளிக்கிழமை ஊரே கோயில்ல கூடிருச்சு. இலை நறுக்கியாச்சு, மசாலா அரைச்சாச்சு, அடுப்பு மூட்டியாச்சு. ராசா கும்பிட்டுட்டு, "கண்மாய்க்குள்ள மண்டபம் கட்டணும்னு நெனைக்கிறேன், கருப்பா, உத்தரவு குடு"ன்னாரு. பூசாரி ஒரு செம்புத் தண்ணியை ஊத்துனாரு. செவலை நின்னுச்சு. சாமி யோசிக்குதுன்னாரு ராசா. ரெண்டாவது செம்பை ஊத்துனாரு. செவலை நின்னுச்சு. சாமி எனக்குச் சொல்றதுக்குக் கூச்சப்படுதுன்னாரு ராசா. மூணாவது செம்பை ஊத்துனாரு. செவலை மெதுவா அசை போட்டுக்கிட்டே ராசாவைப் பாத்துச்சு.

ஒச்சாயி மாலையைக் கழட்ட ஓடுனா. நில்லுன்னாரு ராசா. அவரு முகம் சுண்டிப்போச்சு. அவருக்கு என்ன தோணுச்சு தெரியுமா? தன் நெனப்பு தப்பா இருக்குமோன்னு தோணலை. கெடா தப்பு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இதுக்கு முன்னாடி சிலுப்புன கெடாவெல்லாம் பக்தியுள்ள கெடா, இதுக்குப் பக்தி பத்தலைன்னாரு. தண்ணியில மஞ்சள் தூக்கலா இருக்கும்னு தளவாய் சொன்னாரு, வேற தண்ணி கொண்டாந்து ஊத்துனாக. கெடா தெக்க பாத்து நிக்குதுன்னு பூசாரி சொன்னாரு, திருப்பி நிப்பாட்டி ஊத்துனாக. கெடாவுக்குச் சிலுப்பத் தெரியலையோ என்னமோன்னு மந்திரி அது எதுக்க நின்னு, இப்படி, இப்படின்னு தன் தலையைச் சிலுப்பிச் சிலுப்பிக் காட்டுனாரு. தலைப்பாகை அவுந்து விழுந்துச்சு. செவலை அதுல ஒரு வாய் கடிச்சுப் பாத்துட்டு நல்லா இல்லைன்னு விட்டுருச்சு.

சிலுப்புற வரைக்கும் ஊத்துங்கன்னு ராசா உத்தரவு போட்டாரு.

அப்பத்தான் ஒச்சாயிக்குப் புரிஞ்சுச்சு. அட பாவி மகளே, இத்தனை நாளா நீ எதை நம்புன? இவுக கெடாகிட்ட கேக்கவே இல்ல. ஆமான்னு வர்ற வரைக்கும் ஊத்துவாக, ஆமான்னு வந்ததும் நிறுத்துவாக. இதுல இல்லைங்கற பதிலுக்கு எடமே கெடையாது. கொடம் கொடமா ஊத்துறாக. காதுல ஊத்துறாக. செவலைக்கு முட்டிக்கால் நடுங்க ஆரம்பிச்சிருச்சு. குளுருல ஒடம்பெல்லாம் வெடவெடன்னு ஆடுது. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்ல, அது மாதிரி பூசாரி, அய்யோ பாவம் சீக்கிரம் சிலுப்பிரு கண்ணுன்னு கெடாவைக் கொஞ்சுறாரு. இன்னும் ஒரு கொடம் ஊத்துனா சிலுப்பிரும்னு ஒச்சாயிக்குத் தெரிஞ்சுபோச்சு. அதோட கண்ணு அவளைத் தேடுச்சு. அவளுக்கு வயிறு எரிஞ்சுச்சு.

எரிஞ்ச வயித்துலதான் யோசனை பொறந்துச்சு. ஓடிப்போயி ராசா காலுல விழுந்தா.

"மகராசா, தப்பு கெடா மேலயும் இல்ல, சாமி மேலயும் இல்ல. எம்புட்டுப் பெரிய கேள்வி இது. கண்மாய் அளவுக்குக் கேள்வியைக் கேட்டுப்புட்டு, பதிலை இந்தச் சின்ன மண்டைக்குள்ள எறங்குன்னா சாமி எப்படி எறங்கும்? பெரிய கேள்விக்குப் பெரிய தலை வேணும் மகராசா."

ராசாவுக்கு அது ஞாயமாப் பட்டுச்சு. தன்னைப் பெருசுன்னு சொல்ற எதுவும் அவருக்கு ஞாயமாத்தான் படும். இந்த நாட்டுல யாரு தலை பெரிய தலைன்னு மந்திரியைக் கேட்டாரு. மந்திரியால வேற என்ன சொல்ல முடியும்? உங்க தலைதான் ராசான்னாரு. தளவாயைக் கேட்டாரு. உங்க தலைதான் ராசா. பூசாரியைக் கேட்டாரு. அப்படியே ராசா.

ஒச்சாயி கையைக் கட்டிக்கிட்டு இன்னும் ஒண்ணு சொன்னா. முறையில கொறை வச்சா உத்தரவு செல்லாதாம், அதனால மாலையிலேருந்து ஆரம்பிச்சு எது எது எப்படி எப்படின்னு உண்டோ, அது அது அப்படி அப்படியே நடக்கணும்னு சொன்னா. ராசா எழுந்திரிச்சு நின்னு ஊருக்கே கேக்கற மாதிரி சொன்னாரு.

"ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் முறைப்படி நடக்கணும். ஊடால எவன் நிறுத்தினாலும் அவன் சாமிக்குத் துரோகி."

அப்புறம் கிரீடத்தைக் கழட்டி மந்திரி கையில குடுத்தாரு. மந்திரி அதை ரெண்டு கையிலயும் வாங்கி, எம்புட்டு எடை இருக்குன்னு மெதுவாத் தூக்கிப் பாத்துக்கிட்டாரு. செவலை கழுத்து மாலையைக் கழட்டி ராசா கழுத்துல போட்டாக. செவலை நின்ன எடத்துல ராசா நின்னாரு. நெத்தியில மஞ்சளைப் பூசுனாக. பூசாரிக்குச் சாமி வந்துருச்சு. கண்ணை மூடிக்கிட்டு, நாக்கை மடிச்சுக்கிட்டு, அருவாளைத் தூக்கிக்கிட்டு ஆட ஆரம்பிச்சாரு. ராசாவோட தலையைச் சுத்திதான் அந்த ஆட்டம் நடக்குதுன்னு அங்க ஒருத்தருக்கும் ஒறைக்கல. ராசாவுக்கும் ஒறைக்கல. வெட்டுறதுங்கறது கெடாவுக்குத்தான, நமக்கா? கெட்டது எல்லாம் அடுத்தவனுக்குத்தான்னு நெனைச்சுக்கிட்டுத்தான ஒவ்வொருத்தனும் நடமாடுறான்.

மந்திரி கேள்வியைக் கேட்டாரு: கண்மாய்க்குள்ள மண்டபம் கட்டலாமா, கட்டலாம்னா சிலுப்பு. தளவாய் ஒரு செம்பை எடுத்து ஊத்துனாரு. தண்ணி பாதிதான் விழுந்திருக்கும், ராசா சிலுப்புனாரு பாரு ஒரு சிலுப்பு. கெடா தோத்துப்போச்சு. தலை சிலுப்பி, தோள் சிலுப்பி, மீசை சிலுப்பி, சுத்தி நின்னவங்க மேலயெல்லாம் மஞ்சத்தண்ணி தெறிச்சுச்சு. "பாத்தீங்களா, பாத்தீங்களா, உத்தரவு ஆயிருச்சு"ன்னு கெக்கலி கொட்டிச் சிரிச்சாரு.

பொம்பளைக பழக்கதோசத்துல குலவையைப் போட்டாக. மேளக்காரங்க பழக்கதோசத்துல வெட்டுமேளத்தை அடிச்சாக. ரெண்டு பேரு பழக்கதோசத்துல ராசாவோட காலைப் பிடிச்சாக. சன்னாசிப் பூசாரி, பழக்கதோசத்துல, அருவாளை ஓங்குனாரு.

நில்லு நில்லுன்னு ராசா கத்துனாரு. சாமி எறங்குன பெறகு பூசாரிக்குக் காது கேக்காது. எலை போட்டாச்சுன்னு சொன்னா மட்டும் கேக்கும். தளவாய் நிறுத்தப் போனாரு, ஊடால நிறுத்தினா சாமிக்குத் துரோகின்னு ராசாவே சொன்னது ஞாபகம் வந்து நின்னுட்டாரு. மந்திரி கிரீடத்தை மார்போட அணைச்சுக்கிட்டு, முறைப்படி நடக்கட்டும்னு வானத்தைப் பாத்தாரு. ராசா காலை ஒதறி, மாலை அந்து, உருண்டு, தவழ்ந்து போயி ஒளிஞ்சது எங்க தெரியுமா? செவலைக்குப் பின்னாடி. கெடாவோட வயித்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கத்துனாரு.

"அது சாமி இல்லடா. தண்ணி சில்லுன்னு இருந்துச்சு, அதான் சிலுப்புனேன். தண்ணி ஊத்துனா எவனா இருந்தாலும் சிலுப்பத்தான் செய்வான்."

மேளம் நின்னுச்சு. குலவை நின்னுச்சு. பூசாரிக்குச் சாமி சட்டுன்னு எறங்கிருச்சு.

ஒச்சாயி கிட்டக்க வந்து ராசாவுக்கு எதுக்கக் குத்தவச்சு உக்காந்தா. அவ கத்தல, திட்டல. கண்ணுல மட்டும் தண்ணி நின்னுச்சு.

"அப்ப என் வெள்ளைக்காலனுக்கும் சில்லுன்னுதான மகராசா இருந்திருக்கும்? சுழியனுக்கும்? கொம்பொடிஞ்சானுக்கும்? அதுகளுக்கும் குளுருச்சு. சொல்றதுக்குத்தான் வாய் இல்லாமப் போச்சு."

செவலையோட ஒடம்பு நடுங்குறது ராசா கன்னத்துல பட்டுக்கிட்டே இருந்துச்சு. அவரு ஒடம்பு நடுங்குறதும் அதுக்குப் பட்டிருக்கும். பெறந்ததுலேருந்து மொத தடவையா அவரு தலைக்குள்ள, தப்பா நெனைச்சுட்டோமோன்னு ஒண்ணு எட்டிப் பாத்துச்சு. பாவம், பழக்கம் இல்லாததனால அவருக்கு அது தலைவலி மாதிரி இருந்துச்சு.

ராசா எழுந்திரிச்சு, அந்தப் பட்டியிலேருந்து போன கெடாவுக்கெல்லாம் பதில் கெடா குடுக்கணும், அரண்மனையிலேருந்து இல்ல, தின்னவங்க வீட்டுலேருந்துன்னு சொன்னாரு. தலையைத் தின்ன பூசாரியும், தொடையைத் தின்ன மந்திரியும், ஈரலைத் தின்ன தளவாயும் சந்தையில கெடா தேடி அலைஞ்சு, கயித்தைக் கையில பிடிச்சுக்கிட்டு, ஒச்சாயி பட்டி வாசல்ல வரிசையில வந்து நின்னாக. அரண்மனைக்குள்ள போயி, நாங்க மொதல்லேருந்தே இது சரிவராதுன்னு நெனைச்சோம், சொல்லத்தான் இல்லைன்னு மூணு பேரும் ஆளாளுக்குச் சொல்லிக்கிட்டாக. அதையும் மனசாரத்தான் சொன்னாக.

ஒச்சாயிக்குக் கெடாக திரும்பி வந்துச்சு. ஆனா அதுல எதுக்கும் வெள்ளைக்காலன்னோ சுழியன்னோ அவ பேரு வைக்கல.

மண்டபம் கட்டல. அடுத்து வந்த ஐப்பசியில வந்துச்சு பாரு மழை, கண்மாய் நெறைஞ்சு வழிஞ்சு, மறுகால் பாஞ்சு, ராசா மண்டபம் கட்டணும்னு நின்னு பாத்த எடத்துல ஆள் ஒசரத்துக்குத் தண்ணி. ஊரே கரை மேல நின்னு பாத்துச்சு. ராசாவும் வந்து நின்னாரு, மீசையைத் தடவிக்கிட்டாரு, ஊரைப் பாத்துச் சொன்னாரு: "அதான் நான் அப்பவே சொன்னேன், கண்மாய்க்குள்ள எவனாவது மண்டபம் கட்டுவானா?"

தான் பிடிச்ச முயலுக்கு மூணு காலு. நடிப்பு இல்ல, நெசமாவே அவருக்கு அப்படித்தான் ஞாபகம்.

ஆனா ஊரு இந்தத் தடவை மறக்கல. ஒச்சாயி கண்மாய்ல குனிஞ்சு ஒரு செம்புத் தண்ணி மோந்துக்கிட்டு வந்து, ரொம்பப் பணிவா ராசா பக்கத்துல நின்னு, "ஊத்தட்டுமா மகராசா?"ன்னு கேட்டா. அவ்வளவுதான். ராசா ரெண்டு கையாலயும் கிரீடத்தை அமுத்திப் பிடிச்சுக்கிட்டுச் செவனேன்னு அரண்மனைக்கு நடையைக் கட்டிட்டாரு. அன்னைலேருந்து அரண்மனை வாசல்ல ஒரு கொடம் தண்ணியும் ஒரு செம்பும் எப்பவும் இருக்கும். ராசா தொண்டையைக் கனைச்சு, எனக்கு ஒரு நெனப்பு வந்திருக்குன்னு ஆரம்பிச்சா, யாராவது ஒருத்தர் எழுந்திரிச்சு ஊத்தட்டுமான்னு கேப்பாக. ராசாவும் கொஞ்சம் இருங்க, ஒரு தரம் ராணியைக் கேட்டுக்கறேன்னு உள்ள போயிருவாரு. சாகற வரைக்கும் அவருக்கு அந்தத் தண்டனை தீரவே இல்ல. ஊரு பொழைச்சுச்சு.

செவலை கெழடு தட்டி, பல்லு விழுந்து, ஒச்சாயி முந்தானையைக் கவ்விக்கிட்டே ஒரு நாள் தூக்கத்துல போயிருச்சு. கடைசி வரைக்கும் மழையில நின்னாலும் அது தலையைச் சிலுப்பல.

கெடா மேஞ்சு பட்டிக்கு வந்துருச்சு, கதையும் மேஞ்சு வீட்டுக்கு வந்துருச்சு. நானும் இவ்வளவு நேரம் நீங்க ம் ம்னு கொட்டக் கொட்ட, நம்ம கதை பிரமாதமாத்தான் போகுதுன்னு நெனைச்சுக்கிட்டே சொல்லிக்கிட்டு வந்தேன். இப்பத் திரும்பிப் பாத்தா, பிள்ளைகள்ல ஒண்ணு எப்பவோ தூங்கிப்போச்சு, இன்னொண்ணு கொறட்டை விடுது. இவ்வளவு நேரம் ம் கொட்டுனது அந்தக் கொறட்டைதான் போல.